ஒரு முக்கு கூடப் போனா மரை போச்சு: பழைய மினி டிரெயில் பைக்கும் அதன் போல்ட்டுகளும்

அமெரிக்காவில் இருக்கிற நம்ம நேயர் ஒருத்தர் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். கையில ஒரு போல்ட். அந்த போல்ட்டைச் சுத்தி பளபளன்னு அலுமினியச் சுருள். இன்ஜினுக்குள்ள இருக்க வேண்டிய மரை, மொத்தமா போல்ட்டோட வெளியே வந்திருக்கு. கீழே ஒரே வரி: "லீக் ஆகக் கூடாதேன்னு கடைசியா ஒரு முக்கு போட்டேன்." பைக், 1970 மாடல் ஹோண்டா சிடி70. மகளுக்காகத் தயார் பண்ணிட்டிருக்கார்.

இந்த வண்டியைத் தெரியாதவங்களுக்குச் சின்னதா ஒரு அறிமுகம். 1961-ல டோக்கியோவுக்குப் பக்கத்துல இருந்த டாமா டெக் பொழுதுபோக்குப் பூங்காவுல பசங்க ஓட்டுறதுக்காக ஹோண்டா 49 சிசி-ல ஒரு குட்டி பைக் செஞ்சாங்க. பெரியவங்க ஏறினா குரங்கு உட்கார்ந்த மாதிரி இருந்ததால 'மங்கி'ன்னு பேர் வந்துச்சு. அந்த வம்சத்துல வந்த இசட்50ஏ, 1968-ல மினி டிரெயில்ங்கிற பேர்ல அமெரிக்காவுல இறங்குச்சு. அடுத்த வருஷம் கொஞ்சம் பெரிய தம்பி, சிடி70. ஹேண்டில்பாரை மடக்கி கார் டிக்கியில போட்டுக்கலாம். படுத்த வாக்குல இருக்கிற அந்த ஒத்தை சிலிண்டர் இன்ஜினைப் பார்த்தா உங்க வீட்டு ஸ்ப்ளெண்டர் ஞாபகம் வரும். ரெண்டும் ஒரே குடும்பம்தான்.

இப்போ பிரச்சினைக்கு வருவோம். இன்ஜின் உடம்பு அலுமினியம், போல்ட் ஸ்டீல். சண்டை வந்தா எப்பவும் தோக்கறது அலுமினியம்தான்.

போல்ட்டை இறுக்குறதுன்னா என்ன? நாம அதைத் திருகி உள்ளே தள்ளுறோம்னு நினைக்கிறோம். உண்மையில போல்ட் ஒரு ஸ்ப்ரிங். தலை போய் உட்கார்ந்த பிறகு நீங்க திருப்புற ஒவ்வொரு டிகிரியும் அதைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இழுத்து நீட்டுது. அது திரும்பச் சுருங்கப் பார்க்குற விசைதான் ரெண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடிக்குது. இழுவை குறைஞ்சா அதிர்வுல கழண்டு போகும். கூடிப் போனா மரை உருவிடும்.

6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஹோண்டா மேனுவல்ல பொதுவா சொல்ற அளவு 10 நியூட்டன் மீட்டர். 12 சென்டிமீட்டர் தள்ளி ஸ்பேனரைப் பிடிச்சா, கையில சுமார் 8 கிலோ அழுத்தம். அவ்வளவுதான்! அதுக்கே அந்தக் குட்டி போல்ட் ஏறக்குறைய 800 கிலோ விசையோட பிடிச்சிட்டிருக்கும். அதே போல்ட்டுக்கு 20 சென்டிமீட்டர் கைப்பிடி போட்டா 5 கிலோ அழுத்தமே போதும். நம்ம கை இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்காது. அதான் சிக்கல்.

இன்னொரு விஷயம். நீங்க கொடுக்குற முறுக்குல 90 சதவீதம் வரைக்கும் உராய்வே தின்னுடும். மரையில எண்ணெய் பட்டா உராய்வு குறையும். அதே 10-ல போல்ட் ரொம்ப அதிகமா நீளும். அதனால மேனுவல் தடவச் சொல்லாத இடத்துல எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம். துடைச்சு, காய்ஞ்ச மரையில போடுங்க.

நம்ம நேயர் செஞ்சது என்னன்னா, பக்கவாட்டு மூடியில இருந்த பழைய பிளஸ் ஸ்க்ரூவை எல்லாம் எடுத்துட்டு ஆலன் போல்ட் போட்டிருக்கார். பார்க்க அழகு, உண்மைதான். ஆனா பிளஸ் ஸ்க்ரூவுல ஒரு வசதி இருந்துச்சு: ஸ்க்ரூட்ரைவரைப் பிடிச்சு வெறுங்கையால ரொம்ப முறுக்க முடியாது. ஆலன் சாவி கிடைச்சதும் அந்தக் கடிவாளம் போயிடுது. என்னைக் கேட்டா பழைய ஸ்க்ரூவே இருக்கட்டும். ஆனா அது நம்ம சாதாரண பிலிப்ஸ் இல்ல, ஜப்பானிய ஜேஐஎஸ் அளவு. பிலிப்ஸ் டிரைவர் போட்டா வழுக்கித் தலையைக் கெடுக்கும். ஜேஐஎஸ் டிரைவர் ஒண்ணு வாங்கிக்கங்க. கழட்ட முடியாம அடம் பிடிச்சா, சுத்தியலால தட்டினா திரும்புற இம்பாக்ட் டிரைவர்.

மாட்டும்போது முதல்ல ஸ்பேனரைத் தொடாதீங்க. விரலாலேயே போல்ட்டைப் பின்பக்கமா மெதுவா சுத்துங்க. 'டக்'னு ஒரு சின்ன இறக்கம் தெரியும். அங்கிருந்து முன்பக்கம் திருப்புனா மரை மாறி ஏறாது. எல்லா போல்ட்டும் விரலால உட்கார்ந்ததும், எதிரெதிரா, ரெண்டு மூணு சுத்துல இறுக்குங்க. சிலிண்டர் ஹெட் நட்டுக்கு இது ரொம்ப முக்கியம், அதுவும் இன்ஜின் ஆறினப்புறம்தான். டார்க் ரென்ச் 5-ல இருந்து 25 வரைக்குமான சின்னது வேணும். கார் வீலுக்கு வாங்கினது 10-ல நம்பகமா இருக்காது. ஒரு தடவை 'க்ளிக்' கேட்டா நிறுத்திடுங்க. சந்தேகத்துக்கு இன்னொரு க்ளிக் கிடையாது.

போன மரையைத் திரும்பக் கொண்டு வரலாம். ஓட்டையைக் கொஞ்சம் பெருசாக்கி, புது மரை வெட்டி, ஹெலிகாயில்ங்கிற ஸ்டீல் கம்பிச் சுருளை உள்ளே ஏத்தணும். அதே 6 மில்லிமீட்டர் போல்ட் பிடிக்கும், பழைய அலுமினிய மரையைவிடவே உறுதியா.

கடைசியா ஒண்ணு, இது காசு விஷயம் இல்ல, உயிர் விஷயம். இந்த வண்டிகளோட ரிம் ரெண்டு பாதியா இருக்கும், போல்ட்டால சேர்த்திருப்பாங்க. டயர்ல காத்து இருக்கும்போது அந்த நட்டைக் கழட்டினா ரெண்டு பாதியும் முகத்துல பாயும். வால்வோட உள்பின்னைக் கழட்டி, முழுக் காத்தையும் இறக்கினப்புறம்தான் ஸ்பேனர் போடணும். மாட்டும்போதும் அப்படித்தான்: எல்லா நட்டையும் சரியான அளவுக்கு இறுக்கின பிறகுதான் காத்து.

ஆக்ஸில் நட்டுல காட்டர் பின் இருந்தா ஒவ்வொரு தடவையும் புதுசு போடுங்க, 10 ரூபா சாமான்தான். மடக்குற ஹேண்டில்பாரோட ரெண்டு குமிழையும் ஒவ்வொரு சவாரிக்கும் முன்னாடி கையால இறுக்கி, பாரை ஆட்டிப் பாருங்க. அந்தப் பொண்ணுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்க சார், அவங்களே செய்யட்டும். அடுத்த எபிசோட்ல கார்புரேட்டர்.