அடுக்களையில் ஒரு முதியவள்

கல்முனைப் பக்கத்து ஊர்களிலே பூனை வந்து போகாத வீட்டைக் காண்பது அரிது. கரைவலை இழுபடும் ஊரில் பூனைக்கு வேறென்ன வேண்டும்? மீன் வியாபாரியின் குரல் தெருமுனையிற் கேட்டதும் மதில்மேல் வந்தமரும் அந்தக் கூட்டத்தை அறியாதார் எம்மிடையே இலர். ஆனால், அக்கூட்டத்திலே கிழப்பூனை எத்தனை உண்டென்று நேயர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? என் வீட்டில் ஒருத்தி முதுமையெய்தும்வரை நானும் எண்ணியதில்லை.

அவளுக்கு வயது 15 கடந்துவிட்டது. மனித வாழ்வோடு ஒப்பிட்டால் 75ஐத் தாண்டிய மூதாட்டி எனலாம். மதிலைத் தாவியவள் இன்று அடுக்களைப் படியையே தயங்கித் தயங்கி ஏறுகின்றாள். அவளைப் பற்றி எழுதுமுன் அவளுடைய தாயைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அத்தாயைக் கொன்றவன் நான். வெறுப்பினாலன்று, அன்பினாலே கொன்றேன்.

2010ஆம் ஆண்டு அது. தாய்ப்பூனை காய்ச்சலோடு சுருண்டு கிடந்தாள். வீட்டில் எவருக்கேனும் காய்ச்சல் வந்தால் என்ன செய்வோமோ அதையே செய்தேன். பரசிற்றமோல் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சூடை மீனுக்குள் ஒளித்துக் கொடுத்தேன். மாலையில் அவள் முகம் வீங்கிற்று, ஈறுகள் கபில நிறமாயின, மூச்சுத் திணறிற்று. ஸுபஹுத் தொழுகைக்கு நான் எழுந்தபோது அவள் விறைத்துக் கிடந்தாள். நோய் முற்றி இறந்தாளென்றே நெடுநாள் நம்பியிருந்தேன்.

உண்மையைப் பல ஆண்டுகள் கழித்து மிருக வைத்தியர் ஒருவரிடம் அறிந்தேன். மனிதரின் ஈரல் அம்மருந்தை வேறொரு பொருளோடு பிணைத்து உடலினின்றும் வெளியேற்றிவிடுகின்றது. ஊனுண்ணியாகிய பூனையின் ஈரலுக்கு அவ்வாற்றல் மிகக் குறைவு. தேங்கும் மருந்து நஞ்சாகிச் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கின்றது; குருதி ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கின்றது. 500 மில்லிகிராம் மாத்திரையிற் பாதியே ஒரு பூனையின் உயிரைப் போக்கக்கூடும். விரைந்து வைத்தியரிடம் கொண்டு சென்றிருந்தால் முறிமருந்தும் இருந்தது. எனக்குத் தெரியவில்லை. தெரியாதென்பதும் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, மகள் சென்ற ஆண்டில் மெலியத் தொடங்கியபோது நான் அஞ்சினேன். தண்ணீர்ச் சட்டியை அடிக்கடி வெறுமையாக்கினாள், மணலை நனைத்துக்கொண்டேயிருந்தாள்.

“அதுக்கு வயசு போயிட்டு, விடுங்க” என்றாள் மனைவி.

ஒரு கூடையில் வைத்து வைத்தியரிடம் கொண்டு சென்றேன். ஆட்டுக்கு மருந்தெடுக்க வந்திருந்த ஒருவர், “பூனைக்குமா சேர் வைத்தியம்?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். குருதியைச் சோதித்தபோது சிறுநீரகங்கள் பழுதுற்றிருப்பது தெரிந்தது.

வீட்டுப் பூனையின் முன்னோர் வட ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப்பூனைகள். இரையின் ஈரத்தைக்கொண்டே பெரும்பாலும் பிழைத்து, சிறுநீரைச் செறிவாக்கி நீரைச் சேமித்த உடல் அது. அத்தகைய பிராணி ஓயாது நீர் குடித்தால், சேமிக்கும் உறுப்பு தளர்ந்துவிட்டதோ என ஐயுற வேண்டும். சிறுநீரகத்தின் தொழிலில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு அழிந்த பின்னரே புறத்தே அடையாளம் தெரியும். வயது போயிற்று என்று நாம் கூறும் சொல்லுக்குப் பின்னால் இவ்வாறு ஒரு நோய் மறைந்து கிடக்கலாம்.

பழுதுற்ற சிறுநீரகம் மீளாது. ஆனால் அதன் சுமையைக் குறைக்கலாம். வீட்டில் மூன்று இடங்களிலே தண்ணீர் வைத்தோம். மீனை உப்பின்றி அவித்து, முள்ளும் தலையும் நீக்கி, அவித்த நீரோடு கொடுக்கின்றோம். முள்ளிலுள்ள பொசுபரசு சிறுநீரகத்தை வருத்தும். ஆணத்திற் பிசைந்த சோறு இப்போது இல்லை. வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களுக்குப் பகை. சோற்றில் இல்லாத டோரின் என்னும் சத்து குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். இதயத்துக்கும் அதற்குமுள்ள தொடர்பு 1987இலேதான் வெளிப்பட்டது. மணற்பெட்டியின் ஒரு விளிம்பைத் தாழ வெட்டினோம். தேயாது வளர்ந்து பாதத்திற் குத்தும் நகங்களை மனைவியே வெட்டிவிடுகின்றாள். இவற்றுள் பெருஞ்செலவு எதுவுமில்லை. கவனம் ஒன்றே வேண்டியிருந்தது.

எம்மூர்ப் பிள்ளைகள் ஓதப்பள்ளியிற் கேட்டு வளரும் செய்தியொன்றுண்டு. பூனையொன்றை அடைத்துவைத்து, தானும் உணவளியாமல், அது பூமியின் சிற்றுயிர்களைத் தின்று பிழைக்கவும் விடாத பெண்ணொருத்தி தண்டனைக்குள்ளானாள் என்ற நபிமொழியே அது. பூனைக்குட்டியின் மீது கொண்ட அன்பாலே அபூஹுரைரா என்ற பெயரைப் பெற்ற நபித்தோழரே அதனை அறிவித்தோருள் ஒருவர். நான் எந்தப் பூனையையும் அடைத்ததில்லை. ஆதலின் அச்செய்தி எனக்குரியதன்று என்றிருந்தேன். இப்போது அவ்வாறு எண்ண முடியவில்லை. என் வீட்டுக் கதவு திறந்தே கிடக்கின்றது. அவளாற் போக முடியவில்லை. கயிறின்றியே முதுமை அவளைக் கட்டியிருக்கின்றது. இனி அவள் உண்பதும் குடிப்பதும் என் கையிலேயே உள்ளன.

ஆசிரியர்களாகிய நாம் பிராணிகளிடத்து அன்பு காட்டுமாறு மாணவர்க்கு எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். தாய்ப்பூனைக்கு நான் கொடுத்ததும் அன்புதான். தன்னுடைய உடலைப்போன்றதே பிறவுயிரின் உடலும் என்று எண்ணிய அன்பு அது. அவ்வுடல் வேறு, அதன் தேவை வேறு என்று கேட்டறிந்து செய்வதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தாலன்றி நம் போதனை நிறைவு பெறாது.

இதை எழுதிக்கொண்டிருக்கையில் தெருவில் மீன்காரரின் குரல் கேட்கின்றது. அவள் காதை மட்டும் அசைக்கின்றாள், எழவில்லை. நான் எழுந்து போகின்றேன்.