அரண்மனை இல்லாத அரண்மனைக்காரத் தெரு



சென்னை பாரிமுனைப் பக்கம் அரண்மனைக்காரத் தெரு என்று ஒன்று உண்டு. அங்கே அரண்மனையும் கிடையாது, அரண்மனைக்காரரும் கிடையாது. உண்மையில் அது ஆர்மீனியன் தெரு. ஜனங்கள் வாயில் நுழையாமல் அப்படி ஆகிவிட்டது! நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போனபோது, அந்தத் தெருவில் இருக்கும் ஆர்மீனிய மாதா கோயிலுக்குள் போய்ப் பார்த்தேன். "துணி எடுக்க வந்தியா, ஊர் சுத்த வந்தியா?" என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தது வேறு விஷயம்.

ஆர்மீனியா என்பது துருக்கிக்கும் ஈரானுக்கும் பக்கத்தில் உள்ள சின்ன மலைநாடு. அங்கிருந்து பாரசீகம் போய்க் குடியேறியவர்களின் வம்சத்தார் பட்டு, ரத்தின வியாபாரத்துக்காக மதராசுக்கு வந்தார்கள். இப்போதுள்ள கோயில் 1772-ல் கட்டியது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-ல் சொந்தப் பணத்தில் பாலம் கட்டிக் கொடுத்த கோஜா பெட்ரஸ் உஸ்கானும் ஆர்மீனியர்தான். பரங்கிமலைக்குப் படிக்கட்டு அமைத்ததும் அவரே. அந்தப் பழைய பாலம் இன்று இல்லை. அதே இடத்தில் இருப்பது மறைமலை அடிகள் பாலம்.

கோயில் வளாகத்தில் நடக்கிற வழியிலேயே கல்லறைக் கற்கள். மிதிக்கக் கால் கூசியது. ஹருத்யூன் ஷ்மவோனியன் என்ற பாதிரியாரும் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். ஒரே வாரத்தில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் அவர். உலகத்திலேயே ஆர்மீனிய மொழியில் வந்த முதல் பத்திரிகை அவர் நடத்திய 'அஸ்தரார்'. 1794-ல் அது வெளிவந்தது அவர்கள் நாட்டில் இல்லை, நம் மதராசில்!

மணிக்கூண்டில் ஆறு மணிகள், ஒவ்வொன்றும் சுமார் 150 கிலோ. ஒன்றில் தமிழ் எழுத்தே பொறித்திருக்கிறது. இன்னொன்று, 19 வயதில் இறந்துபோன ஒரு பையனின் நினைவாக 1778-ல் கொடுத்தது. பெற்ற வயிறு என்ன பாடுபட்டிருக்கும்!

இன்று சென்னையில் அந்தச் சமூகம் அநேகமாக இல்லை. கல்கத்தாவில்தான் கொஞ்சம் பேர் மிச்சம். இந்தக் கோயிலையும் அவர்களே பராமரிக்கிறார்கள். 1821-ல் தொடங்கிய ஆர்மீனியன் கல்லூரி என்ற பள்ளிக்கூடமும் அங்கே நடக்கிறது. ஆர்மீனியாவிலிருந்தும் ஈரானிலிருந்தும் பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கிறார்கள். ஜனவரி 6-ம் தேதிதான் அவர்களுக்குக் கிறிஸ்துமஸ். ஆகஸ்டில் மாதா திருநாளன்று திராட்சைப் பழத்தை மந்திரித்து எல்லோருக்கும் கொடுப்பார்கள். நம் வீடுகளில் பொங்கலுக்குப் புது அரிசியைப் படைத்துவிட்டுச் சாப்பிடுகிறோமே, அந்த மாதிரி. அதுவரை புதுத் திராட்சையை வாயில் வைக்காத குடும்பங்களும் உண்டாம்.

சமையல் விஷயம் சொல்லாவிட்டால் எப்படி? திராட்சை இலையில் அரிசியும் கறியும் வைத்துச் சுருட்டி வேகவைப்பது அவர்களுடைய 'தோல்மா'. வங்காளிகள் பர்வல் காயைக் குடைந்து, உள்ளே மசாலா அடைத்துச் செய்யும் 'தோர்மா' இதிலிருந்து வந்ததுதான் என்பார்கள். நம் எண்ணெய்க் கத்தரிக்காய்க்குத் தூரத்துச் சொந்தம்!

திருவண்ணாமலைக்காரியான எனக்கு மனசில் தைத்தது இன்னொன்று. நமக்கு அண்ணாமலை எப்படியோ, அவர்களுக்கு அராரத் மலை அப்படி. நாட்டுச் சின்னத்திலேயே அந்த மலைதான். ஆனால் அது இருப்பது எல்லைக்கு அந்தப் பக்கம், துருக்கியில். 1915-ல் தொடங்கிய படுகொலையில் லட்சக்கணக்கானவர்களைப் பறிகொடுத்த ஜனங்கள், தலைநகர் ஏரெவானில் இருந்தபடி அந்த மலையைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்கிறார்கள். நாமோ பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றி வந்துவிட்டு, "கால் வலிக்குது" என்று சலித்துக்கொள்கிறோம்.

சென்னையில் பாதிரியார் வந்தால்தான் வழிபாடு. ஆனால் ஞாயிறு காலை ஒன்பதரைக்குக் காவலாளி அந்த ஆறு மணிகளையும் அடிப்பது வழக்கம். பாரிமுனைப் பக்கம் போகும் தோழிகள் அந்த நேரத்தில் ஒரு நடை போய்க் கேளுங்கள். கடைகள் எப்படியும் பத்து மணிக்கு மேல்தான் திறப்பார்கள்.

— ஒரு வாசகி, திருவண்ணாமலை