முற்றத்தில் இறங்கட்டும் எங்கள் பிள்ளைகள்

மாரி மழை ஓய்ந்து தை பிறந்ததும் எங்கள் முற்றங்கள் காய்ந்து இறுகத் தொடங்குகின்றன. வாடைக்காற்றின் குளிரும் மெல்லக் குறைகிறது. சித்திரை வெயில் ஏறுவதற்கு முன் வரும் மாசி, பங்குனி மாதங்களே கைக்குழந்தைகளையும் தத்தி நடக்கும் பிள்ளைகளையும் வெளியே விளையாட விடுவதற்கு மிகவும் ஏற்ற காலமாகும்.

ஆனால் தாய்மார் பலருக்குப் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கவே பயமாக இருக்கிறது. அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. ஷெல் வீச்சின் நடுவே பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பதுங்குகுழியில் இருப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. 2009 இல் இடம்பெயர்ந்து செட்டிகுளம் மெனிக்பாம் முகாமின் கூடாரங்களில் வளர்ந்த சிறுமிகளில் பலர் இன்று தாய்மாராகிவிட்டனர். முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. ஆனாலும் பிள்ளை கண்ணுக்கு எட்டாமல் போனால் நெஞ்சு பதறுவது இன்னும் நிற்கவில்லை. இதற்காக எந்தத் தாயும் வெட்கப்பட வேண்டியதில்லை. எனினும் எங்கள் பயம் பிள்ளையின் கால்களைக் கட்டிவிடக் கூடாது.

ஓடுவதும் வளர்ச்சியே

உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான வழிகாட்டலை வெளியிட்டது. ஒரு வயதுக்குட்பட்ட, இன்னும் தவழாத குழந்தையை விழித்திருக்கும் நேரத்தில் குப்புறக் கிடத்தி, நாளொன்றில் பல தடவைகளாக மொத்தம் 30 நிமிடமாவது விளையாட விட வேண்டும். ஒன்று முதல் நான்கு வயது வரையான பிள்ளை நாள் முழுவதிலுமாகக் குறைந்தது 180 நிமிடங்கள் உடலை அசைத்து விளையாட வேண்டும். எந்தச் சிறு பிள்ளையையும் ஒரே தடவையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கட்டியோ தூக்கியோ இருத்தியோ வைத்திருக்கக் கூடாது. இரண்டு வயதுக்கு முன் தொலைபேசி, தொலைக்காட்சி காட்டுவது நல்லதல்ல என்றும் அது கூறுகிறது.

குப்புறக் கிடக்கும் குழந்தை தலையைத் தூக்கும்போது கழுத்தும் தோளும் வலுப்பெறுகின்றன. மேடு பள்ளமான மண்ணில் நடக்கும் பிள்ளை சமநிலையைப் பழகுகிறது. விழுந்து தானாகவே எழும்பும் பிள்ளைக்குத் தன்மேல் நம்பிக்கை வருகிறது.

காசு தேவையில்லை

எங்கள் முன்னோர் இதை அறிந்தே இருந்தனர். பிள்ளைத்தமிழ் நூல்களில் வரும் செங்கீரை, சப்பாணி, வருகை, சிறுதேர் ஆகிய பருவங்கள் யாவும் குழந்தையின் அசைவையும் விளையாட்டையுமே சொல்கின்றன.

தவழாத குழந்தைக்கு வேப்பமர நிழலில் ஒரு பாய் போதும். அசையும் இலைகளையும் கோழிக்குஞ்சையும் பார்த்து அது தலையைத் தூக்கும். பிடித்து நிற்கும் பிள்ளை கவிழ்த்து வைத்த வாளியைத் தள்ளித் தள்ளி நடக்கும். நடக்கும் பிள்ளைக்குக் குரும்பட்டியில் ஈர்க்குக் குத்தித் தேர் செய்து, கயிறு கட்டி இழுக்கக் கொடுங்கள். ஈர்க்கின் முனையை ஒடித்துவிடுங்கள். ஒரு குவியல் மணலும் ஒரு பெரிய சிரட்டையும் இருந்தால் பொழுது போவதே தெரியாது. விளையாடி முடிந்ததும் சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள். அதில் தண்ணீர் தேங்கினால் நுளம்பு பெருகும்.

வெயில் தாழ்ந்த காலையும் மாலையுமே நல்ல நேரம். வீட்டுக்குள் வந்ததும் கைகால்களைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். பூச்சி மருந்து எப்போது கொடுப்பது என்பதைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டறியுங்கள்.

முதலில் முற்றத்தைப் பாருங்கள்

பிள்ளையை இறக்குவதற்கு முன் முற்றத்தை ஒரு தடவை சுற்றி வாருங்கள். கட்டில்லாத கிணறு இருந்தால் அடைப்புப் போடுங்கள். தண்ணீர் நிறைந்த வாளியும் சிறு பிள்ளைக்கு ஆபத்தே. விறகுக் குவியலிலும் பற்றைகளிலும் பாம்பு இருக்கலாம்.

வன்னியிலும் பிற பகுதிகளிலும் கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முற்றாக முடியவில்லை. எங்கள் பெண்கள் பலரும் அந்தப் பணியைச் செய்து வருகின்றனர். 2017 இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்த இலங்கைக்கு, நிலத்தைத் துப்புரவாக்குவதற்கு 2028 வரை காலக்கெடு உண்டு. எனவே மண்டையோட்டு அடையாளம் உள்ள சிவப்புப் பலகையைத் தாண்டி எவரும் போகக் கூடாது. மழை மண்ணை அரித்த இடத்தில் இனந்தெரியாத இரும்போ பிளாஸ்ரிக்கோ தெரிந்தால் தொடாதீர்கள், எறியாதீர்கள், எரிக்காதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்புங்கள். கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ (119) அறிவியுங்கள். பிள்ளை விளையாடும் இடம், கூட்டிப் பெருக்கிய, நாளாந்தம் நடமாடும் முற்றமாக இருக்கட்டும்.

தனியே சுமக்க வேண்டாம்

கணவனை இழந்து, கூலி வேலைக்கும் போய், வீட்டையும் பார்க்கும் தாய்க்கு மூன்று மணித்தியாலம் எங்கே கிடைக்கும் என்ற கேள்வி நியாயமானது. அவ்வளவு நேரத்தையும் ஒரே மூச்சில் ஒதுக்க வேண்டியதில்லை. உடுப்புத் தோய்க்கும்போது, முற்றம் கூட்டும்போது என்று பிரித்துக்கொள்ளலாம். அயலில் நான்கு தாய்மார் சேர்ந்தால் மாலையில் முறை வைத்து ஒருவர் பிள்ளைகளைப் பார்க்கலாம். மற்ற மூவருக்கும் ஒரு மணித்தியாலம் மிஞ்சும். அம்மம்மாமாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கும் அது ஆறுதல்.

பதினெட்டு மாதமாகியும் பிள்ளை தனியே நடக்காவிட்டால் தாமதிக்காமல் கிளினிக்கில் காட்டுங்கள். பிள்ளையை வெளியே விடும்போது உங்கள் நெஞ்சு படபடத்து, பழைய நினைவுகள் வந்து அலைக்கழித்தால் அதையும் அங்கே சொல்லுங்கள். பிள்ளையின் நிறையைப் போலவே தாயின் மனமும் கவனிக்கப்பட வேண்டியதே.

நாளை காலை ஒரு பத்து நிமிடம் போதும், தாய்மாரே. பிள்ளையை மண்ணில் இறக்கிவிட்டு அருகில் இருந்து பாருங்கள். மறுநாள் அதைப் பதினைந்து நிமிடமாக்குங்கள்.