பயிரின் பசுமையும் படத்தின் பசுமையும்

நெல்லிலையின் பசுமையை நோக்கிப் பயிரின் பசளைத் தேவையை மதித்தல் கமக்காரரிடையே தொன்றுதொட்டு நிலவும் வழக்கமாகும். இலை வெளிறி மஞ்சள் சாயுமாயின் நைதரசன் குறைந்ததென்றும், கரும்பச்சையாய் இருக்குமாயின் போதிய அளவு உண்டென்றும் கொள்வர். பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இவ்வழக்கத்தையே அளவுபடுத்தி, நான்கு பச்சைநிறப் பட்டைகள் கொண்ட இலை வர்ண அட்டையை உழவர்க்கு வழங்கியது.

கிளிநொச்சி மாவட்டத்தில் அக்கராயனை அடுத்த ஸ்கந்தபுரத்துக் கமக்காரரொருவர் காலபோகப் பயிரைக் கைத்தொலைபேசியிற் படம்பிடித்து, தொலைவிலுள்ள விவசாயப் போதனாசிரியரின் கருத்தைக் கேட்பாரெனக் கொள்வோம். படம் முழு அளவிற் செல்வதில்லை. 4000 புள்ளி அகலமுள்ளது இணையத்தின்பொருட்டு 800 புள்ளியாகச் சுருக்கப்படும். சுருக்கும்பொழுது உருவம் சிறுத்தாற் போதும், நிறம் மாறலாகாது. ஆயினும் மாறுகின்றது. அதுவும் ஒன்றுக்கொன்று எதிரான இரு வழிகளில் மாறுகின்றது. ஒரு மூடை யூரியாவின் பெறுமதியை 2021ஆம் ஆண்டின் இறக்குமதித் தடை வன்னிக் கமக்காரருக்கு நன்கு உணர்த்தியிருத்தலின், இதனை அற்ப விடயமென்று தள்ளுதல் பொருந்தாது.

முதலாவது வழி, நியமத்தை இழத்தல். கோப்பில் நிறம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் என்பவற்றின் அளவைக் கூறும் மூன்று எண்களேயாம். அவ்வெண்கள் எந்நியமத்துக்குரியவை என்பது தெரியாவிடின், அலகு கூறாது சொல்லப்பட்ட நீளம்போல அவை பயனற்றனவாகும். இணையத்தில் வழங்குவது 1996இல் முன்மொழியப்பட்ட எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் நியமம். இதனினும் விரிந்த நியமங்களும் உள. 1998இல் தோன்றிய அடோபி ஆர்.ஜி.பி. அவற்றுள் ஒன்று. எஸ்.ஆர்.ஜி.பி. நியமத்தில் 100, 140, 60 என அமையும் இலைப்பச்சை, அடோபி நியமத்தில் ஏறத்தாழ 113, 139, 68 என எழுதப்படும். கோப்பினுள் நியமத்தின் பெயரைக் கூறும் சிறு குறிப்பொன்று உண்டு. சுருக்கும் மென்பொருள்களுட் சில, கோப்பின் பருமனைக் குறைக்குமுகமாக அக்குறிப்பை நீக்கிவிடுகின்றன. அதன்பின் 113, 139, 68 என்பன எஸ்.ஆர்.ஜி.பி. எண்களாகவே வாசிக்கப்படும். பச்சை ஏறத்தாழ அவ்வாறே நிற்க, சிவப்பு ஏறிவிடுகின்றது. விளைவு, வெளிறிய மஞ்சட்பச்சை. நலமுள்ள பயிர் பசளைக்கு ஏங்குவதாய்த் தோன்றும். வேண்டாத யூரியா வயலிற் சேரும். மிகையான நைதரசன் எரிபந்த நோய்க்கும் பயிர் சாய்வதற்கும் இடமளிப்பது.

இரண்டாவது வழி நுண்ணியது, பலரும் கவனியாதது. 4000 புள்ளி 800 ஆகுங்கால், 25 புள்ளிகள் கூடி ஒன்றாகின்றன. அவற்றின் எண்களைக் கூட்டி 25 ஆல் வகுப்பதே எளிய முறை. ஆனால் அவ்வெண்கள் ஒளியின் அளவுக்கு நேர்விகிதமானவை அல்ல. இருண்ட நிறங்களிடையேயுள்ள வேறுபாட்டைக் கண் கூர்மையாக உணருமாதலின், இருண்ட பகுதிக்கு மிகுதியான எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. கறுப்பின் எண் 0. வெள்ளையின் எண் 255. இரண்டும் சரிபாதியாய்க் கலந்த இடத்தில் இருப்பது வெள்ளையின் பாதி ஒளி. எண்களின் சராசரியோ 128. அவ்வெண் திரையிற் காட்டுவது ஏறத்தாழ 22 சதவீத ஒளியே. பாதி ஒளிக்கு உரிய எண் 188 ஆகும். நெல்வயலின் படமோ ஒளிபட்ட இலைகளும் அவற்றிடையே இருண்ட இடைவெளிகளும் நெருங்கிய கலப்பு. ஆகவே சுருங்கிய படத்திற் பயிர் உள்ளதினும் கருமையாய்த் தோன்றும். பசித்த பயிரும் கரும்பச்சை காட்டி ஏமாற்றும்.

படத்தினுள் வர்ண அட்டையையும் வைத்துவிட்டால் இக்குறைகள் தீருமன்றோ எனின், முழுமையாகத் தீரா. நியமம் இழந்த பிழை அட்டையையும் இலையையும் ஒருங்கே தாக்குதலால், இரண்டையும் ஒப்பிட்டுப் பெருமளவு சரிகாணலாம். மாலைவெயிலால் நேரும் மஞ்சளுக்கும் இதுவே மருந்து. சராசரிப் பிழை அத்தகையதன்று. ஒரே நிறமுள்ள பட்டையின் சராசரி அந்நிறமேயாதலால் அட்டை மாறாது நிற்கும். நிழல் விரவிய பயிர் மட்டுமே கருக்கும். நம்பத்தக்க சான்றென வைத்த அட்டையே இங்கு பிழையை மறைத்துவிடுகின்றது! இதனைத் தவிர்க்க, பயிர்ப்பரப்பை விடுத்து, முற்றாக விரிந்த மேலிலை ஒன்றின் நடுப்பகுதியை அட்டையோடு சேர்த்து, உடலின் நிழலில் அண்மையிற் படம்பிடித்தல் வேண்டும். அட்டையை நேரிற் பயன்படுத்துவோர்க்குக் கூறப்பட்ட முறையும் இதுவே.

சுருக்குவோர் செய்யத்தக்கன சிலவே. படத்தை முதலில் எஸ்.ஆர்.ஜி.பி. நியமத்துக்கு மாற்றி, நியமக் குறிப்பைக் கோப்பில் நிலைநிறுத்தல் வேண்டும். பின்னர் எண்களை ஒளியளவாக்கிச் சராசரி கண்டு, மீண்டும் எண்களாக்குதல் வேண்டும். இமேஜ்மேஜிக் போன்ற இலவச மென்பொருள்களில் இதற்கு வழியுண்டு. இடைக்கணக்கை 16 பிட் அளவிற் செய்தல் நலம்; 8 பிட்டில் இருண்ட நிறங்கள் சிதையும். ஜேபெக் முறை பெரும்பாலும் நிறத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதி நுட்பத்துடனேயே சேமிப்பதால், சிறிய படங்களில் மெல்லிய இலையின் ஓரத்தில் மண்ணின் நிறம் கலக்கும். அச்சேமிப்பை முழு நுட்பத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். கமக்காரருக்கு இவையெல்லாம் கைகூடாவிடினும், வாட்ஸ்அப்பிற் படத்தை ஆவணமாக இணைத்து அனுப்பின், அது சுருக்கப்படாது மூலக்கோப்பாகவே போதனாசிரியரைச் சென்றடையும்.