நந்தி மலைச் சிவப்பு ஒயின் திராட்சை திருத்தணிக்கு ஏற்றதா?

திருத்தணியும் கர்நாடகத்தின் நந்தி மலையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் உள்ளன. திருத்தணியிலிருந்து மேற்கே சித்தூர், பலமநேர், கோலார் கடந்து சென்றால் நந்தி மலையடிவாரத்தை அடையலாம். அங்கு தொட்டபள்ளாபூர் அருகே கன்வல் குரோவர் 1988இல் தொடங்கிய நிறுவனம், கேபர்னே சாவிஞான், ஷிராஸ் ஆகிய பிரெஞ்சு ரகங்களைப் பயிரிட்டுச் சிவப்பு ஒயின் தயாரித்துப் பெயர் பெற்றது. "அங்கே விளைவது இங்கே விளையாதா?" என்று திருத்தணி வட்டார விவசாயிகளுக்குத் தோன்றுவது இயல்பே. பந்தலுக்குப் பணம் போடும் முன்னர் இதற்கு விடை தெரிந்துகொள்ள வேண்டும்.

தோலில்தான் தரம்

பெரும்பாலான கறுப்புத் திராட்சை ரகங்களின் சாறு நிறமற்றது. நிறம் தோலில் உள்ளது. துவர்ப்பு தோலிலும் விதையிலும் உள்ளது. அதனால்தான் சிவப்பு ஒயினுக்குச் சாற்றைத் தோல், விதையுடன் சேர்த்தே புளிக்க வைக்கின்றனர். உண்ணும் திராட்சை பருத்திருக்க வேண்டும். ஒயின் திராட்சையோ சிறுத்திருக்க வேண்டும். அப்போதுதான் சாற்றின் அளவுக்குத் தோல் மிகுதியாக இருக்கும். இதற்காகக் கொடியில் குலைகளைக் குறைத்து விடுவதால் மகசூலும் குறைவே.

உயரம் தரும் குளிர்ச்சி

நந்தி மலையடிவாரத் தோட்டங்கள் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளன. திருத்தணிச் சமவெளியின் உயரம் 100 மீட்டருக்கும் குறைவு. இந்த வேறுபாட்டால் அங்கு வெப்பம் சுமார் 5 டிகிரி செல்சியஸ் குறைகிறது.

இரவு வெப்பமாக இருந்தால் பழத்திலுள்ள மாலிக் அமிலம் சுவாசத்தில் விரைவாகச் செலவாகிறது. தோலில் நிறமும் சரியாக ஏறுவதில்லை. சர்க்கரை மட்டும் ஏறிப் புளிப்பு குறைந்த பழத்தில் சப்பையான, வெளிறிய, எளிதில் கெடும் ஒயினே கிடைக்கும். மண்ணைத் திருத்தலாம், இரவுக் குளிர்ச்சியை உண்டாக்க முடியாது.

மழையும் கவாத்தும்

நந்தி மலைப் பகுதியில் ஏப்ரலில் ஒரு கவாத்தும், செப்டம்பர்-அக்டோபரில் காய்ப்புக்கான கவாத்தும் செய்து, பிப்ரவரி முதல் அறுவடை செய்வது வழக்கம். அதே கவாத்தைத் திருத்தணியில் செய்தால், துளிரும் பூங்கொத்தும் வடகிழக்குப் பருவமழையில் சிக்கும். அடிச்சாம்பல் நோய் தாக்கும். மருந்துச் செலவு கூடும்.

ஊருக்கேற்ற ரகம்

தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. 'மஸ்கட் ஹாம்பர்க்' என்னும் இந்த ரகத்தின் மணத்துக்குக் காரணமான பொருள்களுள் ஒன்றான ஜெரானியால் ரோஜாவிலும் உண்டு. இது பெரும்பாலும் உண்பதற்கே விற்பனையாகிறது. ஒவ்வொரு ரகத்துக்கும் உரிய நிலமும் சந்தையும் உண்டு என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கவனிக்க வேண்டியவை

* ஒயின் ரகக் கன்றுகளை விற்பவரின் பேச்சை மட்டும் நம்பிப் பந்தல் போடக் கூடாது. பழத்தை யார், என்ன விலைக்கு வாங்குவார் என்பதை எழுத்து மூலம் பெற வேண்டும்.
* மண்ணையும் கிணற்று நீரையும் முதலில் பரிசோதிக்க வேண்டும்.
* ஆசைப்படுவோர் சில கொடிகளை மட்டும் வைத்து, இரண்டு மூன்று பருவம் பார்க்கலாம்.
* உரிமம் இன்றி ஒயின் தயாரிப்பது சட்டப்படி குற்றம்.

இவ்வட்டாரத்தில் பழகிய மா, கொய்யா இருக்கும் நிலத்தை அழித்து, ஒயின் திராட்சைக்காகக் கடன் வாங்குவது சிறு விவசாயிக்கு உகந்ததன்று.