மைக் கறையா? பிள்ளையை அடிக்காதீர்கள்!

பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கிற வீட்டில், மைக் கறை படாத சட்டையைப் பார்ப்பது அரிது. பேனா கசியும். மூடி கழன்றுவிடும். பக்கத்துப் பையன் மையை உதறுவான். சட்டைப் பை நீலமாகிவிடும்!

பிறகு என்ன நடக்கும்? முதலில் பையன் முதுகில் இரண்டு அடி விழும். அடுத்தபடியாகச் சட்டையைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, கல்லில் போட்டுத் தேய்ப்பார்கள். காசு அளவு இருந்த கறை உள்ளங்கை அளவு ஆகிவிடும். போகவில்லையே என்று வெந்நீர் ஊற்றுவார்கள். கறை இன்னும் கெட்டியாக உட்கார்ந்துகொள்ளும்.

அடியும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம். மைக் கறைக்கு மருந்து நம் வீட்டிலேயே இருக்கிறது. எந்த மைக்கு எந்த மருந்து என்று தெரிந்தால் போதும்.

இது சின்ன விஷயம் அல்ல. சத்துணவு சாப்பிடும் 1 முதல் 8-ம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குத் தமிழக அரசு ஆண்டுக்கு 4 செட் சீருடை இலவசமாகக் கொடுக்கிறது. அதில் ஒரு சட்டை வீணானால், மீதி மூன்றை வைத்து வருஷத்தை ஓட்ட வேண்டும். திருச்சுழிப் பக்கம் மழையை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்குப் புதுச் சட்டை எடுப்பது லேசான செலவா?

சாயப் பட்டறை சொல்லும் பாடம்

அருப்புக்கோட்டை நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் அங்கே ஏராளம். நூலில் சாயம் எப்படி ஏறுகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

நூலைச் சாயத்தில் ஊற வைப்பார்கள். பல சாயங்களுக்குச் சூடும் கொடுப்பார்கள். பிறகு உலர்த்துவார்கள். ஊறல், சூடு, உலர்தல் - இந்த மூன்றும்தான் சாயத்தை நூலில் பிடிக்க வைக்கின்றன.

மையும் ஒரு சாயம்தானே! கறைபட்ட சட்டையை மூலையில் போட்டு வைத்தால் அது ஊறுகிறது. வெந்நீர் ஊற்றினால் சூடு ஏறுகிறது. வெயிலில் போட்டால் உலர்கிறது. கறையைப் போக்குவதாக நினைத்துக்கொண்டு, நாமே சாயம் போட்டுவிடுகிறோம்!

ஆகவே கறையைப் போக்க நினைப்பவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். காய்வதற்குள் கவனிக்க வேண்டும். சூடு காட்டக் கூடாது. கறை போகும் வரை இஸ்திரிப் பெட்டி கிட்டவே வரக் கூடாது.

அடிக்கு அஞ்சும் பிள்ளை என்ன செய்கிறான்? கறைபட்ட சட்டையை ஒளித்து வைக்கிறான். இரண்டு நாள் கழித்து அழுக்குத் துணியோடு அது அகப்படுகிறது. அதற்குள் மை நன்றாகக் காய்ந்துவிடுகிறது. அடி விழாது என்று தெரிந்தால் அன்றைக்கே வந்து சொல்வான். புதுக் கறை பாதி வேலையில் போய்விடும்.

முதலில் ஒற்றி எடுங்கள்

எந்த மையானாலும் முதல் வேலை ஒன்றுதான். ஈர மையைத் தேய்க்காதீர்கள். ஒற்றி எடுங்கள். பழைய வெள்ளைத் துணி, பஞ்சு, பழைய செய்தித்தாள் - எது கிடைத்தாலும் சரி. பள்ளிக்கூடத்திலேயே கொட்டிவிட்டால், சாக்பீஸ் தூளைத் தூவி ஒற்றச் சொல்லிக் கொடுங்கள். தூள் மையை உறிஞ்சும்.

வீட்டுக்கு வந்ததும் கறைக்கு அடியில் ஒரு வெள்ளைத் துணியை மடித்து வையுங்கள். மருந்தைத் துணியின் உட்புறத்திலிருந்து தடவுங்கள். மை வந்த வழியே திரும்பிப் போய், அடியில் உள்ள துணியில் இறங்கும். கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். நடுவிலிருந்து தொடங்கினால் கறை பரவும்.

வண்ணத் துணியாக இருந்தால், முதலில் உள் தையல் ஓரத்தில் ஒரு சொட்டு மருந்து விட்டுப் பாருங்கள். துணியின் நிறம் மாறினால் அந்த மருந்து வேண்டாம்.

பால்பாயிண்ட் பேனா மை

இப்போது பிள்ளைகள் கையில் அதிகம் இருப்பது இந்தப் பேனாதான். இதைக் கொண்டுவந்தவர் லாஸ்லோ பிரோ என்ற ஹங்கேரி நாட்டுப் பத்திரிகையாளர். செய்தித்தாள் அச்சடிக்கும் மை சீக்கிரம் காய்வதைப் பார்த்தார். அதுபோன்ற கெட்டியான மையைப் பேனாவில் போட நினைத்தார். முனையில் சிறு குண்டு வைத்து, 1938-ல் காப்புரிமை பெற்றார்.

இந்த மை குழம்புபோல் கெட்டியானது; தண்ணீரில் கரையாது. அதனால்தான் எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் போவதில்லை.

இதற்கு மருந்து ஸ்பிரிட். மருந்துக் கடையில் சர்ஜிகல் ஸ்பிரிட் என்று கேட்டால் கொடுப்பார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது வீட்டுக்கு வீடு வாங்கிய சானிடைசரில் மீதி இருந்தால் அதுவும் உதவும். அதிலும் பெரும்பாலும் இருப்பது ஆல்கஹால்தான்.

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் கறையில் ஒற்றுங்கள். மை கரைந்து அடித்துணியில் இறங்கும். அடித்துணியை இடம் மாற்றி வையுங்கள், பஞ்சையும் மாற்றுங்கள். அழுக்குப் பஞ்சால் மறுபடி ஒற்றினால் மை திரும்பவும் ஏறும். மை இறங்குவது நின்ற பிறகு சோப்புத் தூள் போட்டு அலசுங்கள்.

ஒரு எச்சரிக்கை! ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பாட்டிலைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

இங்க் பேனா மை

இங்க் பேனாவில் ஊற்றும் நீல மை தண்ணீரில் கரைவது. உடனே கவனித்தால், பச்சைத் தண்ணீரைக் கறையின் பின்புறத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தால் பெரும்பகுதி போய்விடும். மீதியைச் சோப்புத் தூள் போட்டு மெல்லக் கசக்குங்கள்.

நீலக் கறுப்பு மை சற்றுப் பிடிவாதக்காரன். அதில் சில வகைகளில் இரும்புச் சத்து உண்டு. அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் கலந்து மை காய்ச்சினார்கள். அன்னபேதி என்பது இரும்பு உப்பு. எழுதும்போது வெளுப்பாக இருக்கும். காற்றுப் பட்டதும் கறுத்து நிலைக்கும். அதே வழியில் வந்ததுதான் இந்த மையும்.

இதைத் துவைத்தால் நீலம் போய், துருபோலப் பழுப்பு நிறம் நிற்கும். பலரும் ‘சோப்பு சரியில்லை’ என்பார்கள். குற்றம் சோப்பின்மேல் இல்லை; அது இரும்புக் கறை. அதற்குப் புளிப்பு வேண்டும்.

வெள்ளைப் பருத்தித் துணியானால், கறையின்மேல் கொஞ்சம் தூள் உப்பைத் தூவி, அரை மூடி எலுமிச்சம் பழத்தைப் பிழியுங்கள். ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். காய விடாதீர்கள், காயும்போது மறுபடி சாறு விடுங்கள். பிறகு நன்றாக அலசுங்கள். சாறு துணியிலேயே தங்கினால் நூல் இற்றுப் போகும். ஒரே தடவையில் போகாவிட்டால், மறுநாளும் செய்யுங்கள். வண்ணத் துணிக்கு இது ஆகாது, நிறம் வெளுத்துவிடும்.

ஜெல் பேனா மை

இதுதான் மிகவும் சங்கடமானது. பல ஜெல் மைகளில் கரையாத நிறத்தூள் இருக்கிறது. அது நூலுக்குள் புகுந்துகொள்ளும். ஈரமாக இருக்கும்போதே சோப்புத் தூள் கரைசலில் அலசுங்கள். பிறகு ஸ்பிரிட்டால் ஒற்றிப் பாருங்கள். மங்கும். முழுவதும் போகும் என்று நம்பி, துணி கிழியும்வரை தேய்க்க வேண்டாம்.

உப்புத் தண்ணீர் ஊரில் என்ன செய்வது?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பல கிணறுகளில் தண்ணீர் உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து, திரிந்த பால்போல வெள்ளையாக மிதக்கும். அது துணியில் படிந்துவிடும். கறை அப்படியே இருக்கும்.

இதற்காகக் குடிதண்ணீர்க் குடத்தை எல்லாம் கவிழ்க்க வேண்டாம். கறை பட்ட இடத்துக்கு மட்டும் ஒரு செம்பு நல்ல தண்ணீர் போதும். சட்டை முழுவதையும் நனைக்காமல், அந்த இடத்தை மட்டும் கவனியுங்கள். கட்டிச் சோப்பைவிடச் சோப்புத் தூள் உப்புத் தண்ணீரில் நன்றாக வேலை செய்யும். கறை போன பிறகு, மற்ற துணிகளோடு கிணற்றுத் தண்ணீரிலேயே துவைக்கலாம்.

செய்யக் கூடாதவை

பிளீச்சிங் பவுடரை எடுத்ததும் அள்ளிப் போடாதீர்கள். வண்ணச் சீருடையில் அது வெள்ளைத் திட்டு போட்டுவிடும். இரும்புள்ள மையில் போட்டால் பழுப்புக் கறையை நிலைக்கச் செய்துவிடும்.

பிளீச்சிங் பவுடரோடு எலுமிச்சைச் சாறு, வினிகர், கழிவறை கழுவும் ஆசிட் எதையும் சேர்க்கவே கூடாது. குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். மூச்சுத் திணறும், உயிருக்கே ஆபத்து! ஒரு சட்டைக்காக அந்த விபரீதம் வேண்டாம்.

பட்டுச் சேலையில் மை பட்டால் நீங்களே சோதனை செய்யாதீர்கள். ஒற்றி எடுத்துவிட்டு, பட்டு வெளுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். என்ன மை என்றும் சொல்லிக் கொடுங்கள்.

போகவே போகாத மை

போகக் கூடாது என்றே செய்த மைகளும் உண்டு. முன்பு சலவைத் தொழிலாளர்கள் துணியில் குறி போட்டார்கள் அல்லவா? அது சேராங்கொட்டையின் சாறு. வெள்ளாவியில் வைத்தாலும் அந்தக் குறி அழியாது.

தேர்தலில் விரலில் வைக்கும் மையும் அப்படித்தான். 1962 பொதுத் தேர்தலிலிருந்து அதைச் செய்து தருவது மைசூரில் உள்ள கர்நாடக அரசு நிறுவனம். அதில் வெள்ளி நைட்ரேட் இருக்கிறது. விரலில் பட்டது தோலும் நகமும் வளர வளரத்தான் மறையும். துணிக்கு வளர்ச்சி ஏது? ஆகவே ஓட்டுப் போட்டுவிட்டு, மை காயும்வரை விரலைச் சேலையில் துடைக்காதீர்கள்.

வருமுன் காக்கலாம்

சட்டைப் பையில் பேனா வைக்கும்போது, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கப் பழக்குங்கள். இங்க் பேனாவை முனை மேலே இருக்கும்படி வைக்கச் சொல்லுங்கள். கசியும் பேனாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்பாதீர்கள்.

ஒரு சின்ன பாட்டில் ஸ்பிரிட், கொஞ்சம் பஞ்சு, ஒரு பழைய வெள்ளைத் துணி - இவற்றை ஒரு டப்பாவில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்குக் கைகொடுக்கும்.

சட்டை கறையாகிவிட்டது என்று பிள்ளை வந்து சொன்னால், ‘எந்தப் பேனா?’ என்று கேளுங்கள். சட்டையைக் காப்பாற்ற அதுதான் முதல் கேள்வி.