கத்தரிக்க ஒரு காலம் உண்டு



பிழைப்பைத் தேடிப் பெருநகரங்களுக்கு வந்த நம்மில் அநேகருக்குச் சொந்த நிலம் இல்லை. ஆயினும் பால்கனியில் ஒரு ரோஜாத் தொட்டிக்கு இடம் உண்டு. முதலில் நிறையப் பூத்த செடி, பின்பு நெட்டையாய் வளர்ந்து சிறுத்த பூக்களையே தருகிறதா? அது ஏற்ற காலத்தில் கத்தரிக்கப்பட்டதா என்று பாருங்கள்.

அந்தக் காலம் ஊருக்கு ஊர் மாறும். டெல்லி முதலான வடஇந்தியச் சமவெளிகளில், மழை ஓய்ந்து குளிர் இறங்குமுன், அக்டோபர் மாதத்தின் நடுப்பகுதியே ஏற்றது. மும்பை, புனே நகரங்களிலும் மழைக்குப் பின் அக்டோபரில் கத்தரிப்பார்கள். பெங்களூருவின் மிதமான சீதோஷ்ணத்தில் ஜூன், நவம்பர் என இருமுறை கத்தரிப்பதுண்டு. கடும் வெயிலிலும் விடாமழையிலும் ஆழமாய் வெட்டலாகாது. வெட்டுவாயில் பூஞ்சணம் புகுந்தால், கிளை நுனியிலிருந்து கருகிக்கொண்டே வரும்.

காய்ந்தவை, நோயுற்றவை, ஒன்றோடொன்று உராய்பவை ஆகிய கிளைகளை முதலில் நீக்குங்கள். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் காட்டுத்தளிரை அடியோடு எடுத்துவிடுங்கள். வலுவான கிளைகளைப் பாதியளவுக்குக் குறைத்து, வெளிப்புறம் நோக்கிய மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, கூரிய கத்தரியால் சாய்வாக வெட்டுங்கள். வெட்டுவாயில் போர்டோ பசை தடவி, மக்கிய சாண எருவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். ஏறத்தாழ 45 முதல் 60 நாட்களில் பூக்கள் மலரும். ஆனால், நட்டு ஒரு வருஷமாகாத செடியை ஆழமாய் வெட்டாதீர்கள். அது இன்னும் வேர்பிடிக்கவில்லை.

தேவபிள்ளைகளே, யோவான் 15-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர், பிதாவைத் திராட்சத்தோட்டக்காரராகக் காண்பிக்கிறார். கனிகொடுக்கிற கொடியையே அவர் சுத்தம்பண்ணுகிறார். காலமும் அளவும் அவருக்குத் தெரியும். நமக்கோ, கத்தரியைக் கையில் எடுக்கும் ஆவல் மிகுதி. காலத்தை அறியும் பொறுமை குறைவு.

நேற்று இரட்சிக்கப்பட்டுச் சபைக்கு வந்த வாலிபனை, அவன் வேர்பிடிக்குமுன் கடிந்துகொள்ளுகிறோம். புதிய ஊரிலும் புதிய பாஷையிலும் தடுமாறும் பிள்ளையை, மதிப்பெண்ணுக்காக விருந்தாளிகள் முன்பாகவே வெட்டிப் பேசுகிறோம். வேலையிழந்து அழுகிற சகோதரனிடம், கர்த்தர் உன்னைக் கத்தரிக்கிறார் என்று சுலபமாய்ச் சொல்லிவிடுகிறோம். அது அவனுக்கு விடாமழைக் காலம். அவன் வீட்டு வாடகைக்கு உதவுவதும், அவனோடு முழங்காற்படியிடுவதுமே அப்பொழுது நம் ஊழியம்.

கடிந்துகொள்ளவே வேண்டாமா? வேண்டும். கத்தரிக்காத செடி காடாகும். ஆனால் ஏற்ற வேளையில், தனிமையில், கூரிய கத்தரி ஒரே வெட்டாய் வெட்டுவதுபோல, ஒரே காரியத்தைத் தெளிவாய்ச் சொல்லுங்கள். மழுங்கிய கத்தரி கிளையை நசுக்கும். பழைய குற்றங்களையெல்லாம் இழுத்துப் பேசும் நாவும் அப்படியே. வெட்டிய கையே பசை தடவவேண்டும், தண்ணீரும் ஊற்றவேண்டும். கடிந்துகொண்ட அந்த இரவே பிள்ளையின் தலையில் கைவைத்து ஜெபியுங்கள். பின்பு காத்திருங்கள். ரோஜாவே மலர ஏழெட்டு வாரம் கேட்கிறதே!